592 கிலோபைட்

திரையில் 571 என்று வந்தது. வேண்டியதோ 592.

தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள். காலையிலிருந்து இதே கூத்து.

கம்ப்யூட்டரில் மெமரி எட்டு எம்பி கிடந்தது. ஆனால் அவள் ஓட்டப் பார்க்கும் ப்ரோகிராம் கீழே இருக்கும் 640 கிலோபைட்டுக்குள்தான் குடியிருக்குமாம். மாடி காலியாகக் கிடக்க, வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் வாசலறையிலேயே முண்டியடிக்கும் கதை.

மவுஸ் டிரைவரை முதலில் மாடிக்கு அனுப்பினாள். ஏறிக்கொண்டது. அடுத்து சவுண்ட் டிரைவர். மேலே இடம் போதவில்லை என்று அது கீழேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டது. அதை நீக்கவும் முடியாது. சத்தம் வராவிட்டால் அந்த ப்ரோகிராமே தண்டம்.

ஒன்பதாவது முறை ரீஸ்டார்ட் செய்தாள். மெமரியை எண்ணும் டிக்டிக் சத்தத்துக்கு ஏற்ப அண்ணன் மேஜையில் தாளம் போட்டான். பிறகு எழுந்து கம்ப்யூட்டரின் முன்னால் இடுப்பு வரை குனிந்து ஒரு கும்பிடு போட்டான். தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்ன கும்மாளம் என்று அண்ணி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"முதல்ல பெரிய பெட்டியை ஏத்து. சின்னப் பையெல்லாம் அப்புறம் சந்துல சொருகிக்கலாம். ஊருக்குக் கிளம்பும்போது வண்டியில அப்படித்தானே அடுக்குவோம்?"

தங்கை சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

ஸ்டார்ட்டப் ஃபைலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். சவுண்ட் முன்னே, மவுஸ் பின்னே. பத்தாவது ரீஸ்டார்ட்.

604.

அண்ணியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அண்ணன் நாற்காலிமேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினான். பிறகு இறங்கி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தட்டினான். கடைசியில் என்டர்.

ஸ்பீக்கர் கரகரத்தது. இன்றைக்குத்தான் விமானத்திலிருந்து இறங்கிய வெள்ளைக்காரன் மாதிரி ஒரு குரல், தமிழை மென்று மென்று துப்பியது.

"ஏலு மாசமா நீயே பேசினே. இனி என் முர்ரை."

தங்கை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், அவனுடைய தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனோடு சண்டைக்கு நின்றாள்.