புது மானிட்டரில் ஒரு கறை

கறையை முந்தானையால் துடைத்தாள். போகவில்லை.

ஊதிப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை.

மானிட்டர் வந்து இறங்கி அரைநாள்கூட ஆகவில்லை. பெட்டியும் தெர்மாகோலும் இன்னும் கட்டில்மேல் கிடந்தன. ஃபோர் கே. இருபத்தேழு அங்குலம். இவ்வளவு பெரிய திரைக்கு இந்த விலைதானா என்று சந்தேகப்பட வைக்கும் விலை. மேசையைத் தொட்டாலே தாங்கி தலையாட்டியது. மலிவாய் வாங்கிவிட்டு ஆடாதே என்று சொல்ல முடியுமா? ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

கறையைப் பொறுக்க முடியவில்லை.

யூடியூபில் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, வந்ததும் திரை முழுக்க வெள்ளையை விரித்து, ஒளிராமல் செத்த புள்ளி ஏதும் உண்டா என்று தேடியிருந்தாள். அப்போது ஒன்றுமில்லை.

கோவில்பட்டி ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். பழைய மானிட்டரில் கண்ணுக்குத் தப்பிய பருவெல்லாம் அச்சில் வந்து பல்லிளித்தது. இனி ஒரு புள்ளி வந்தாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்த மானிட்டர்.

படத்தை நகர்த்தினாள்.

கறையும் கூடவே நகர்ந்தது.

அப்பாடா. மானிட்டர் தப்பித்தது.

பெரிதாக்கினாள்.

மணப்பெண்ணின் வலக்கை. ரவிக்கை முடிந்து முழங்கை தொடங்கும் இடம். சந்தனப் பூச்சுக்கு அடியில் கன்றிப்போன நான்கு தடங்கள். கையின் உட்பக்கம் இன்னொன்று, கொஞ்சம் அகலமாக.

விரல்கள்.

நலுங்குப் படம் அது. விடிந்தும் விடியாத நேரத்தில், பெண் வீட்டிலேயே எடுத்தது. மாப்பிள்ளை வீட்டாரின் வேன் அப்போது ஊருக்குள் நுழைந்திருக்கவில்லை.

தன் கையைத் தானே பிடித்து அழுத்திப் பார்த்தாள். வலித்தது. விட்டதும் தடம் மறைந்துவிட்டது.

இதைவிட எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்.

பாவமாக இருந்தது. யாருடையது என்று தெரியாத அந்தக் கையின்மேல் ஆத்திரமும் வந்தது.

ஆனால் ஆல்பத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. பரு, தழும்பு, கொசுக்கடி, கருவளையம் எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது. கறுப்பாய்ப் பிறந்த பெண்கள் எல்லோரும் இரண்டு சுற்று வெளுத்துத்தான் போக வேண்டும். அதையெல்லாம் யாரும் அவளிடம் சொல்லத் தேவையில்லை.

கை தானாக வேலையைத் தொடங்கியது. படத்தின்மேல் கண்ணாடித்தாள் போல வெற்று அடுக்கு ஒன்றைப் போட்டாள். பக்கத்துத் தோலை எடுத்து ஒவ்வொரு விரலாக மூடினாள். புதுத் திரையில் வேலை படு சுத்தமாக வந்தது. இப்படி ஒன்று இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சரி சொல்ல அந்தப் பெண்ணே வந்தாள். செண்பகா. கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. துணைக்கு அவளுடைய அம்மா.

அம்மாவுக்கு எல்லாமே பிடித்திருந்தது.

"மொகத்த மட்டும் இன்னுங் கொஞ்சம் வெளுப்பாக் காட்டு தாயி" என்றாள். பிறகு அட்டை மாதிரிகளைப் பார்க்கக் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

செண்பகா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நலுங்குப் படத்துக்கே திரும்பி வந்தாள். மூக்கு திரையில் இடிக்குமளவுக்குக் குனிந்தாள். அவளுடைய இடக்கை, வலக்கையின் முழங்கைக்கு மேலே போய் நின்றது.

"அக்கா, இங்க இருந்துச்சே."

என்ன இருந்தது என்று இவள் கேட்கவில்லை.

முகம் சுட்டது. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்ததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதை அழுத்தி, மேலே போட்ட அடுக்கை மறைத்தாள்.

விரல்கள் திரும்பி வந்தன.

அழுவாள் என்று எதிர்பார்த்தாள். செண்பகா அழவில்லை. தாலி கட்டும் படத்தைக்கூட அவ்வளவு நிதானமாக அவள் பார்த்திருக்கவில்லை.

"ரெண்டு ஆல்பந்தானக்கா போடுறீங்க?"

"ஆமா. மாப்பிள்ள வீட்டுக்கு ஒண்ணு. ஒங்கப்பா வீட்டுக்கு ஒண்ணு."

"ரெண்டும் ஒண்ணு போலவா இருக்கணும்?"

"வேண்டாம்னா மாத்திக்கலாம்."

கட்டிலில் அம்மா ஒரு சிவப்பு வெல்வெட் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செண்பகா குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்பா வீட்டு ஆல்பத்துல மட்டும் இது இப்படியே இருக்கட்டும்க்கா."

வெல்வெட்டின்மேல் போன கை நின்றது.

இவளுக்கு ஸ்டுடியோக்காரர் முகம் வந்து போனது. ஒரு புள்ளிக்கே வேறு ஆள் பார்ப்பேன் என்றவர். இந்தப் பக்கத்தைப் பார்த்தால் என்ன ஆட்டம் ஆடுவாரோ. அதற்கு முன்னால், இதோ இந்த அம்மா எழுந்து வந்து கத்தப் போகிறாள். வேண்டாம், அழித்துவிடு என்று சொல்லப் போகிறாள். அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு மனம் நினைத்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அம்மா எழுந்து வந்தாள்.

மகளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். முதலில் முகத்தை. பிறகு கையை. மகள் திரும்பவில்லை. அம்மாவும் அவளைத் தொடவில்லை.



"சின்னதாப் போட்டுறாத தாயி" என்றாள் அம்மா. "பக்கம் முழுக்கப் போடு. இவ அப்பாவுக்குக் கண்ணாடி மாட்டுனாலும் சரியாத் தெரியாது."