பக்கத்துக் கை

ஷெரினுக்கும் மாரிக்கனிக்கும் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். வகுப்பில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரசி உட்காருவார்கள். ஷெரினின் கையில் பட்டன் மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கத்தும். மாரிக்கனியின் பையில் பழைய குளுக்கோமீட்டர் ஒன்று கிடந்தது. ஸ்டிரிப்பைச் செருகி ஒரு சொட்டு ரத்தம் விட்டால்தான் அது வாய் திறக்கும்.

கணக்குப் பரீட்சை அன்று சர்க்கரை இறங்கி மாரிக்கனி பெஞ்சிலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பை மட்டும் அங்கேயே, ஷெரினின் பக்கத்தில் கிடந்தது.

"உனக்கு ஒன்றுமே தெரியவில்லையா?" என்று பைக்குள்ளிருந்து மீட்டர் கேட்டது.

"தெரிந்தது," என்றது சென்சார். "என்மேல் உரசின கை சில்லென்று வேர்த்து நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் அது எங்க பிள்ளையோட கை இல்லையே. அதான் பேசாமல் இருந்துவிட்டேன். நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"ஸ்டிரிப் இல்லாமல் நான் எப்படிப் பேச? ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. டாக்டரிடம் போகிற அன்றைக்கு வேணும் என்று டப்பாவில் மூடி வைத்திருக்கிறாள். இதோ, என் பக்கத்தில்தான் கிடக்கிறது."



"கத்தியிருக்கலாம்," என்றது சென்சார். "யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்."

அழுது அழுது ஷெரினுக்குச் சர்க்கரை லேசாக ஏறியது. சென்சார் உடனே கத்தியது. டீச்சர் பதறிப்போய் அவளிடம் ஓடிவந்தார்.