தமிழ்ப் பிரதி

தண்ணீர்ப் போத்தலை எறிந்தது செயலாளருக்கு. பட்டது றஸ்னாவின் தோளில்.

மூடி சரியாகப் பூட்டாத போத்தல். அபாயாவின் கை முழுக்க நனைந்தது. அவள் ஒலிவாங்கியைத் தலைத்துணி நுனியில் துடைத்துவிட்டு, செயலாளரின் அடுத்த வசனத்துக்காகக் காத்து நின்றாள்.

கல்முனை மண்டபத்தில் அன்று கால் வைக்க இடமில்லை. புதிய சுகாதாரச் சட்டமூலத்தைச் சனத்துக்கு விளக்கவென்று கொழும்பிலிருந்து சீர்திருத்தக் குழுவின் செயலாளர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும், சனம் தமிழில் கேட்பதைச் சிங்களத்திலும் சொல்லத்தான் றஸ்னாவைக் கூட்டி வந்திருந்தார்.

றஸ்னா அதே மாவட்டத்து இறக்காமத்துப் பெண். குழுவில் ஒப்பந்த வேலை. ஜனவரியில் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அரை மணி நேரத்துக்குள் சனத்தின் கோபம் ஆள் மாறிவிட்டது. சிங்களத்தில் பேசியவரை யாரும் ஏசவில்லை. அவர் என்ன சொன்னார் என்றே பாதிப் பேருக்கு விளங்கவில்லை. தங்களுக்கு விளங்கிய வாயைத்தான் ஏசினார்கள்.

"எங்கட வயல் சோத்தத் திண்டுபோட்டு அவங்கட வாயால கதைக்கிறா!"

அவள் ஒவ்வொரு வசனத்தையும் 'எண்டு செயலாளர் சொல்றார்' என்றே முடித்தாள். அந்த மூன்று சொல்லை எவரும் காதில் வாங்கவில்லை.

நடுவரிசையில் முனாப் எழுந்தார். மீன் லொறி ஓட்டுகிறவர். இரண்டு சிறுநீரகமும் போன மனைவி வீட்டில் படுத்திருந்தாள்.

"என்ட பொஞ்சாதிக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் ரெத்தம் சுத்திகரிக்கணும். இப்ப ஆஸ்பத்திரில சும்மா செய்றாங்க. இந்தச் சட்டத்துட பதினேழாம் பிரிவு வந்தா அதுக்குக் கட்டணம் எடுப்பாங்களாம். ஓமா, இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

றஸ்னா சிங்களத்தில் சொன்னாள்.

செயலாளர் சிரித்தார். அப்படி எதுவும் இல்லை, எல்லாம் எதிர்க்கட்சிக்காரர் கட்டிவிட்ட கதை என்றார்.

அதை அவள் தமிழில் சொன்னபோது முனாப் அவளைப் பார்த்த பார்வையில் காறல் இருந்தது. துப்பவில்லை, அவ்வளவுதான்.

பிறகு செயலாளர் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். இந்தக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியைத் தரமுயர்த்த யோசனை இருக்கிறதாம். தமிழ்ப் பகுதியிலா, முஸ்லிம் பகுதியிலா என்பது இன்னும் முடிவாகவில்லையாம்.

றஸ்னா சனத்துக்குச் சொல்லி முடித்ததும் அது போதுமாக இருந்தது.

இடப்பக்கம் இருந்த தமிழர்கள் எழும்ப, வலப்பக்கம் இருந்த முஸ்லிம்களும் எழும்பினார்கள். கதிரைகள் சரிந்தன. பழைய கதைகள் எல்லாம் கிளம்பின. யாருக்கு எத்தனை கட்டில், யார் பக்கம் எந்த டொக்டர், யார் யாரை ஏமாற்றினார்கள். பதினேழாம் பிரிவை எல்லாரும் மறந்தே போனார்கள். செயலாளர் சாய்ந்திருந்து கைபேசியைப் பார்த்தார்.

அந்தச் சத்தத்துக்குள் பாண்டிருப்புச் செல்லத்தங்கம் ஒரு மர வாங்கின் மேல் ஏறி நின்றாள். ஒல்லியான மனிசி. ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன கையை உயர்த்திக் காட்டிவிட்டு, முனாப்பின் பக்கம் நீட்டினாள்.

"நானும் இந்தாளுட பொஞ்சாதியும் ஆஸ்பத்திரில ரெத்தம் சுத்திகரிக்கேக்க பக்கத்துப் பக்கத்துக் கட்டிலிலதான் கிடக்கிறம்! கட்டணமெண்டா ரெண்டு பேரும்தான் சாகப்போறம்! முதல்ல அந்தச் சட்டத்தத் தமிழில தாங்க. நாங்களே வாசிச்சுப் பாக்கிறம்."

சண்டை நின்றுவிட்டது. யார் தொடங்கினார்களோ தெரியாது, இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தத் தொடங்கியது. "தமிழில தா! தமிழில தா!"

றஸ்னா அதைச் சிங்களத்தில் சொன்னாள். செயலாளர் அவள் முகத்தைப் பாராமல், வாசல் பக்கம் பார்த்தபடி பதில் சொன்னார். தமிழ்ப் பிரதி இன்னும் முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் போதாது. பொறுமையாக இருக்க வேண்டும். ஆட்சேபனை எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள், அதை மாற்ற முடியாது.

அன்று புதன்கிழமை.

 றஸ்னாவுக்கு ஜனவரி நினைவுக்கு வந்தது. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தமிழ்ப் பிரதி இன்னும் முடியல்ல எண்டு செயலாளர் சொல்றார்."

கூச்சல் கூரையில் முட்டியது. அவளுடைய வாப்பாவை, உம்மாவை, இறக்காமத்தை எல்லாம் இழுத்து ஏசினார்கள். அது தணியும்வரை நின்றாள்.

"அது முடிஞ்சி மூணு மாசம். மொழிபெயர்த்த நான்தான். இவர்ட கையிலதான் குடுத்த. வெளிய சொல்லமாட்டன் எண்டு கையெழுத்தும் வெச்சிக் குடுத்த." மூச்செடுத்தாள். "பதினேழாம் பிரிவுல கட்டணம் இரிக்கி. ரெத்தம் சுத்திகரிக்கிறது அந்தப் பட்டியல்ல முதலாவது."

ஒருவரும் அசையவில்லை. மேடை ஓரத்தில் இருந்த உள்ளூர் வைத்திய அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். முனாப் முன்கதிரையின் முதுகை எட்டிப் பிடித்தார். செல்லத்தங்கம் வாங்கிலிருந்து இறங்கவும் மறந்து நின்றாள்.

அவள் தமிழில் சொன்னது ஒன்றும் விளங்காத செயலாளருக்கு அந்த அமைதி பெரிய ஆறுதலாக இருந்தது. றஸ்னாவின் பக்கம் சாய்ந்து, சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார்:

"கெட்டிக்காரி. நல்லா அடக்கிவிட்டாய். இந்தச் சனத்துக்கு இவ்வளவு போதும். சீக்கிரம் முடி, போகலாம்."

அதையும் றஸ்னா தமிழில் சொன்னாள்.