எழாத புள்ளிகள்

அலுவலகத்தின் மேசைக் கணினிகளை எடுத்துவிட்டு, எல்லோரையும் எங்கோ இருக்கும் சர்வரில் வேலை பார்க்க வைக்க இரண்டு கம்பெனிகள் தங்கள் மாதிரி அமைப்புகளோடு வந்திருந்தன. அங்கே வேலை பார்க்கும் பார்வையற்ற எஸ்தர், திரையின் எழுத்துகளைப் புள்ளிகளாக உயர்த்தும் தன் பிரெயில் கருவியை இரண்டிலும் செருகிப் பார்த்தாள். முதலாவதில் புள்ளிகள் எழுந்தன. ஆனால் அதன் பிரவுசரில் அலுவலக இணையதளம் திறக்கவில்லை. இரண்டாவதில் தளம் திறந்தது. ஒரு புள்ளிகூட எழவில்லை.

“ரெண்டாவதே இருக்கட்டும். எல்லாருக்கும் ஓடுதே,” என்றார் மேலாளர் தாமோதரன்.

“எனக்கு ஓடல சார்.”

“ஒரு ஆளுக்காக ஆபீஸையே நிறுத்த முடியுமாம்மா? பக்கத்து சீட்டுல படிச்சுச் சொல்வாங்க. கதை கேக்கற மாதிரி ஜாலியா இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். எஸ்தர் மேசையைத் தடவி அவர் கையைப் பிடித்தாள். புள்ளி எழாமல் வழவழவென்று கிடந்த கருவியின்மேல் அவர் விரல்களை வைத்து அழுத்தினாள்.

“படிங்க சார்.”

அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.