ஏரியில் இறங்கிய மூன்றாவது படகு

ஐப்பசி மழையில் திருத்தணி மலையடி ஏரி நிரம்பிக் கிடக்கிறது. தன் பட்டறையில் வேணு செய்த பாய்மரப் படகை ஆறு பேர் தோளில் சுமந்து வந்து காலை வெயிலில் தண்ணீரில் இறக்குகிறார்கள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த படகு. முன்பு வார்த்த இரண்டும் அச்சிலிருந்து எடுக்கும்போதே விரிசல் விட்டுவிட்டன. இதுவும் போனால் பட்டறையை மூடிவிடுவதாக மனைவி பங்காருவிடம் அவன் சொல்லியிருக்கிறான். "தண்ணி ஏறுதா பாவா?" என்று கரையிலிருந்து மைத்துனன் கஜபதி கத்துகிறான். வேணு உள்ளே குனிந்து அடித்தட்டைத் தடவித் தடவிப் பார்க்கிறான். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்குள் பங்காரு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். "இன்னா பாத்துகினு இருக்கீங்க? பாயை இழுங்க!" அவன் கயிற்றை இழுக்க, அவள் தைத்த வெள்ளைப் பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது, பிறகு சட்டென்று காற்றைப் பிடித்துப் புடைக்கிறது. படகு ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. கொக்குகள் எழுந்து பறக்கின்றன. கரை முழுக்கச் சீட்டியும் கைதட்டலும். எதிர்க்கரை நெருங்குகிறது. "திருப்பு பாவா, திருப்பு!" என்று பின்னால் கரையிலிருந்து கஜபதி கத்துகிறான். படகு ஓட்டுவதைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் வேணுவுக்கு மறந்துபோகிறது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தபடியே நாணல் புதருக்குள் போய்ச் சொருகிக்கொள்கிறார்கள்.