இழுக்க வராத கயிறு

1958ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. ஜவளகிரிக் காட்டில் காலை முதல் பனிமூட்டம் விலகவில்லை. பிற்பகலில் சிறு தூறலும் சேர்ந்துகொண்டது.

"கயித்த இழுத்து மிஷின ஓட வெக்க முடியலேன்னா, இன்னியோட என் பேர அடிச்சுடுங்க சாயபு. ஒக்காந்து திங்கற சோறு எனக்கு வேணாம்."

கங்கப்பன் இவ்வாறு கூறியபோது, மரக் காண்டிராக்டர் அப்துல் சலாம் குடையைச் சற்றே சாய்த்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் பெங்களூரிலிருந்து தருவித்திருந்த சங்கிலி ரம்பத்தை இயக்கக் கற்றவர்களுள் முதல்வன் கங்கப்பனே. ஆவணியில் முறிந்து விழுந்த கிளையொன்று அவனது வலக்கையை ஒடித்துவிட்டது. கட்டு அவிழ்த்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது. பழைய வலு மட்டும் திரும்பவில்லை. கை தேறும்வரை, வெட்டவேண்டிய மரங்களுக்குக் குறியிடும் வேலையைப் பார்க்குமாறு அப்துல் சலாம் பலமுறை சொன்னார். அதைப் பரிதாபப்பட்டு இடுகின்ற பிச்சை என்றே கங்கப்பன் கருதினான்.

"சரி, இழு. நானும் பாக்கறேன்," என்றார் அவர். குரலில் ஈரமே இல்லை.

கங்கப்பன் ரம்பத்தைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். ஒரு சாண் வந்த கயிறு வெடுக்கென்று உள்ளே போயிற்று. மீண்டும் இழுத்தான். வலி தோள்பட்டைவரை ஏறியது. இடக்கையால் இழுத்துப் பார்த்தான். அப்போது ரம்பத்தை அழுத்திப் பிடிக்க வலக்கை ஒத்துழைக்கவில்லை.

"முடிஞ்சது சாயபு," என்று துண்டை உதறினான். மனைவி முனிலட்சுமியை அழைத்துக்கொண்டு, மத்திகிரியில் மச்சினன் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டுமே என்று நினைத்துக்கொண்டான்.

"என்னா மாமா, மாமி போட்ட களியெல்லாம் வயித்துலயே தங்கிடுச்சா? கைக்கு எறங்கலயா? தள்ளு, நான் இழுக்கறேன்," என்று முன்வந்தான் கரியப்பன். கங்கப்பன் விலகினால் ரம்பம் இவன் கைக்குத்தான் வரும்.

கரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, கயிறு அசையவில்லை.

"அய்யய்யோ! இதென்னா மாமா, பாறையில கட்டின மாதிரி இருக்குது!"

"பொய் சொல்லாதடா."

"நீயே பாரு, கை செவந்துபோச்சு!"

அடுத்து வந்தவன், பெருங்கட்டைகளைத் தனியாளாக லாரியில் ஏற்றும் சென்றாயன். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, "பாரம்மா, பா!" என்று கன்னடத்தில் ரம்பத்தைக் கெஞ்சி அழைத்தபடி இழுத்தான். இழுத்த வேகத்தில் சேற்றில் மல்லாந்தான்.

"எருமையும் வுழுந்துடுச்சு சாயபு!" என்று கைதட்டினான் கரியப்பன்.

கங்கப்பன் துண்டைக் கீழே எறிந்துவிட்டு ரம்பத்தின் அருகே குந்தினான்.

"பனிக்கு பிளக் நனைஞ்சிருக்கும். பிளக் கழட்டற சாவிய எடு."

பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். காற்று வடிகட்டியில் அப்பியிருந்த மரத்தூளைத் தட்டினான். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, எண்ணெய் கலந்து புதிதாக ஊற்றினான். "குளுரு காலத்துல, காத்த அடைக்கற சோக்க எவண்டா தொறந்து வெச்சது?" என்று அதட்டினான். பல நாள்களாகக் காணாமற்போயிருந்த அந்த அதட்டலைக் கேட்டு இருவரும் பணிவாகத் தலையைச் சொறிந்தார்கள்.

"இப்ப இழுடா."

கரியப்பன் இழுத்தான். ரம்பம் மூச்சே விடவில்லை.

"நீ இழுக்கற லட்சணத்துக்கு ஆட்டுக்குட்டிகூட வராதுடா!"

சென்றாயனும் மறுபடி முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்துல் சலாமின் முகம் கடுகடுத்தது. "போதும், வுடுங்க. கோளாறு மிஷின்லதான். பெங்களூருக்கே அனுப்பிடறேன். திரும்பி வர மாசக்கணக்குல ஆவும். அதுவரைக்கும் எல்லாருக்கும் கோடாலிதான். கங்கப்பா, நீ மரத்துக்குக் குறி போடு. மிஷினு வந்ததும் நீதான் ஓட்டணும். அப்ப வந்து கை வலி, கால் வலின்னா வுடமாட்டேன்."

"அப்ப... எங்கையில குத்தம் இல்லீங்களா சாயபு?"

"சென்றாயனுக்கே வராத கயிறு உனக்கு மட்டும் எப்பிடிடா வரும்? போ, போயி முனிலட்சுமி கையில சூடா எதாச்சும் வாங்கிக் குடி."

கங்கப்பன் குடிசைகளை நோக்கி நடந்தான். தூறல் முகத்தில் விழுவதுகூட அவனுக்கு இதமாக இருந்தது. பாதி வழியில், லாரியில் ஏற்றுமுன் ரம்பத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடவேண்டுமே என்ற நினைவு வந்தது. இவர்களுக்கு அது தோன்றாது என்று தனக்குள் கடிந்துகொண்டு திரும்பினான்.

அடுக்கியிருந்த கட்டைகளுக்கு அப்பால் அப்துல் சலாமின் பதற்றக் குரல் கேட்டது.

"நடிங்கன்னுதானடா சொன்னேன்? நெசமாவே மிஷின ஒடச்சுட்டீங்களா?"

கரியப்பன் சிரித்துக்கொண்டே, ஒற்றைக் கையால், ஒரே இழுப்பு இழுத்தான். காடு அதிர ரம்பம் உறுமியது.

"நிறுத்துடா, நிறுத்து! கங்கப்பன் காதுல விழுந்துடப் போவுது!"

கட்டைகளின் மறைவில் நின்றிருந்த கங்கப்பன், தான் வந்த சுவடு தெரியாமல் திரும்பி நடந்தான். அப்போது மாலை மணி ஐந்து இருபது.