ஈரக் கோடு

1995 செப்டெம்பர் காலை. தென் லண்டன் ரக்பி கிளப்பொன்றின் புற்றரையில் தனபாலன் மெஷினைத் தள்ளி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். பனித்துளியெல்லாம் வெயிலில் மினுங்குகிறது. கோட்டுக்கு வெளியே, கதவை அடைக்கும் தோள்களோடு ஒரு ஃபிஜிக்காரர் வந்து நிற்கிறார். ஒருகாலத்தில் இங்கே பறந்து பறந்து ஆடியவர். சம்பளம் வாங்கக்கூடாத இந்த ஆட்டத்தை விட்டு, சம்பளம் கொடுக்கிற ரக்பி லீக் என்ற மற்ற ஆட்டத்துக்கு மாறியதற்காகப் பதினொரு வருடம் இந்த வாசலை மிதிக்கக்கூட அவரை விடவில்லை. இப்போதுதான் தடை நீங்கியிருக்கிறது. குனிந்து சப்பாத்தைக் கழற்றுகிறார். “கோயிலுக்குள்ள வாற மாதிரியெல்லோ வாறார்!” கிளப்பைக் கூட்டித் துடைக்கும் பரமேஸ்வரி வாயில் கைவைக்கிறாள். “பெயின்ட் காயேல்லை எண்டு சொல்லுங்கோ, அண்ணை.” தனபாலன் மெஷினை ஓரமாக இழுத்து வழிவிடுகிறார். பெரிய வெறுங்கால் ஈரக் கோட்டில் பதிந்து, புல்லுக்குள் இறங்குகிறது. நடு மைதானம் வரை வெள்ளை வெள்ளையாக அடிகள். குலைந்த கோட்டைத் திரும்பப் பூச வந்த தனபாலன், அந்த அடி பதிந்த இடத்தில் மட்டும் மெஷினைத் தூக்கித் தாண்டி வைக்கிறார்.